இவ என்ன சொல்றான்னா

தங்கை பேசுவது உலகத்தில் ஒருத்திக்கு மட்டும்தான் புரிந்தது. அவள் கூடப்பிறந்த அக்கா.

பிறக்கும்போது நேர்ந்த சிக்கலில் தங்கைக்கு மூளையில் பாதிப்பு. கை ஒரு பக்கம் இழுக்கும், கழுத்து ஒரு பக்கம் இழுக்கும், கால்கள் வைத்த இடத்திலேயே கிடக்கும். வாயைத் திறந்தால் உயிரெழுத்துகள் மட்டும் வெளியே வரும். மெய்யெழுத்துகள் தொண்டையோடு நின்றுவிடும். ‘தண்ணி வேணும்’ என்று அவள் சொன்னால் மற்றவர்கள் காதில் ஒரு நீண்ட முனகல்தான் விழும். புதிதாக வந்தவர்கள் பதறிப்போய் டாக்டரைக் கூப்பிடலாமா என்பார்கள். அக்கா எழுந்துபோய் டம்ளரில் தண்ணீர் கொண்டுவருவாள்.

புத்தியில் ஒரு குறையும் கிடையாது. பள்ளிக்கூடத்தில் அன்றன்று படித்ததை அக்கா சாயங்காலம் வந்து தங்கைக்கு நடத்துவாள். கையில் அளவுகோலை வைத்துக்கொண்டு டீச்சர் விளையாட்டு. விளையாட்டு வினையாகவில்லை, ஏழு வயதில் தங்கை செய்தித்தாள் படித்தாள். பக்கத்தைத் திருப்ப மட்டும் ஆள் வேண்டும்.

அம்மா இறந்தபோது அக்காவுக்கு இருபத்தெட்டு வயது, தங்கைக்கு இருபத்தொன்று. அக்கா ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். வேலையை விட்டுவிட்டுத் தங்கையைத் தன் வீட்டுக்குக் கூட்டிவந்தாள். அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக், வாயில் கொழுக்கட்டை வைத்தவர்போல இருப்பார். “இருக்கட்டும்” என்றார். அத்தோடு சரி. அவர்களுக்குக் குழந்தைகள் இல்லை.

ஆறு வருடங்களுக்கு முன்பு ஒரு நாள், சக்கர நாற்காலியை ஏற்ற மாட்டேன் என்று ஒரு பஸ் கண்டக்டர் இருவரையும் நிறுத்தத்திலேயே விட்டுவிட்டுப் போனார். அந்த நிறுத்தத்தின் சுவரில் ஒட்டியிருந்த சுவரொட்டியைப் பார்த்துத்தான் அவர்கள் உரிமைச் சங்கத்துக்குப் போனார்கள்.

சங்கம் ஒரு பழைய பிஸ்கட் கிடங்கில் இயங்கியது. மழை பெய்தால் சுவர்களிலிருந்து இன்னமும் சர்க்கரை வாடை வரும். தலைவருக்குக் கண் தெரியாது. இருபத்தெட்டு வருடம் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவர். வருகிறவர் யார் என்று காலடிச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். டம்ளரை மேசையில் வைக்கிற சத்தத்தில் யாருக்குக் கோபம் என்று கண்டுபிடித்துவிடுவார். செயலாளர் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்த பெண்; வலது காலில் இரும்புப் பட்டை போட்டிருப்பார். சுவரில் பெரிய எழுத்தில் சங்கத்தின் வாசகம்: ‘எங்கள் பேச்சை நாங்களே பேசுவோம்.’

சேர்ந்த மாதமே பஸ் விஷயமாகப் போக்குவரத்து அதிகாரியைப் பார்க்கப் போனார்கள். அதிகாரி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, நீங்கள் எல்லாம் கொஞ்சம் பொறுமையாக இருக்க வேண்டும் என்றார். தங்கை வாயைத் திறந்தாள். அதிகாரி நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

“இவ என்ன சொல்றான்னா,” என்றாள் அக்கா, “பொறுமைய எங்களுக்கு மட்டும் மொத்தக் குத்தகைக்கு விட்டுட்டீங்களா, நீங்களும் கொஞ்சம் வச்சுக்கக் கூடாதான்னு கேக்கறா.”

தலைவர் வாய்விட்டுச் சிரித்தார். அதிகாரியின் உதவியாளர்கூடச் சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டார். மறுநாள் செய்தித்தாளில் அந்த வாக்கியம் கட்டம்கட்டி வந்தது. எட்டு மாதத்தில் பஸ்களில் சாய்வுப் பலகை வந்தது. தங்கை தன் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. அவள் சொன்ன ஒன்று, சொன்னது சொன்னபடி, தெரியாத மனிதர்களின் காதுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

பிறகு கூட்டங்களுக்குக் கூப்பிட்டார்கள். கல்லூரிகள், மருத்துவமனைகள், மகளிர் அமைப்புகள். அக்கா நல்ல சேலை கட்டிக்கொண்டு மைக்கைப் பிடிப்பாள். தங்கை இரண்டு வாக்கியம் பேசுவாள். அக்கா இரண்டு வாக்கியம் சொல்வாள். ஒரு வருடம் அப்படித்தான் போனது.

முதலில் அக்கா சின்னச் சின்ன ஒட்டு வேலை செய்தாள். தங்கை ‘மடையன்’ என்றால் ‘புரியாதவர்’ ஆகும். அது பரவாயில்லை என்று தங்கையும் விட்டுவிட்டாள். பிறகு இரண்டு வாக்கியம் நான்கானது. ஒரு மகளிர் கூட்டத்தில் தங்கை கழிப்பறைக் கதவின் அகலத்தைப் பற்றிப் பேசினாள். அக்கா மைக்கில் சொன்னாள்:

“இவ என்ன சொல்றான்னா, எனக்குக் கை இல்ல, கால் இல்ல, வாய் இல்ல. எல்லாமா எங்க அக்கா இருக்கா. அடுத்த பிறவியில நான் அவளுக்குத் தாயாப் பிறக்கணும்னு சொல்றா.”

முன்வரிசையில் இருந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்ததும் தங்கை கேட்டாள், நான் எப்போது அப்படிச் சொன்னேன் என்று.

“நீ கதவப் பத்திப் பேசிட்டிருந்த. எத்தனை அங்குலம்னு கேக்கவா அவங்க வந்தாங்க? ரெண்டு வார்த்த கூட்டிச் சொன்னேன். என்ன குறைஞ்சு போச்சு உனக்கு?”

கதவு குறைந்துபோயிற்று என்றாள் தங்கை. அக்கா சேலையை மடித்தாள்.

தங்கைக்குப் பதினேழு வயதில் ஒரு பேச்சுப் பயிற்சியாளர் ஓர் அட்டை செய்து கொடுத்திருந்தார். மேலே பன்னிரண்டு உயிர், பக்கவாட்டில் பதினெட்டு மெய். எதிரில் இருப்பவர் மெய்யின்மேல் விரலை ஓட்ட வேண்டும்; சரியான எழுத்து வந்ததும் தங்கை கண்ணை மூடித் திறப்பாள். பிறகு உயிரின்மேல் ஓட்ட வேண்டும். ஒரு வாக்கியத்துக்குப் பத்து நிமிடம் பிடிக்கும். ஆனால் படிக்கத் தெரிந்த யாரும் அவளோடு பேசலாம். அந்த அட்டை பழைய போர்வையில் சுற்றி பீரோவின்மேல் கிடந்தது. எடுத்துத் தரச் சொல்லித் தங்கை கேட்டபோது அக்கா சொன்னாள்: “நான் குத்துக்கல்லு மாதிரி இருக்கும்போது உனக்கு அட்டை எதுக்குடி?”

அக்கா அப்படிச் சொன்ன வருடம்தான் சங்கத்துக்கு இல்லம் கிடைத்தது. பழைய நர்சுகள் விடுதி ஒன்று இடிக்கப்படாமல் கிடந்தது. அதைச் செப்பனிட்டு, உறுப்பினர்கள் தனியாக வாழும் இடமாக்க அரசாங்கம் ஒப்புக்கொண்டது. ஆறு அறைகள். உதவிக்கு ஆட்கள் வேளை வைத்து வருவார்கள். எப்போது எழுவது, எப்போது குளிப்பது, யாரை உள்ளே விடுவது என்பதெல்லாம் அறையில் இருப்பவரின் விருப்பம். தலைவர் இதற்காக இருபது வருடம் படியேறி இறங்கியவர். அவர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். அறை வேண்டும் என்பவர் குழுவின் முன்னால் வந்து தாமே கேட்க வேண்டும். குடும்பத்தார் கேட்டால் செல்லாது.

செயலாளர் பெயர்களை வாசித்தார். தங்கையின் முறை வந்தது.

“இந்த இல்லத்துல உங்களுக்கு ஒரு அறை வேணுமா?”

வேணும் என்றாள் தங்கை. அவளால் முடிந்த அளவு தெளிவாக, ஒவ்வொரு அசையாகத் தள்ளி வெளியே விட்டாள். வியர்த்துவிட்டது.

அக்கா தன் கைப்பையின் கொக்கியை இரண்டு தடவை திறந்து மூடினாள்.

“இவ என்ன சொல்றான்னா, எனக்கு எங்க அக்கா வீடே போதும்னு சொல்றா. வேற யாராவது ஆதரவு இல்லாதவங்களுக்குக் குடுங்கன்னு சொல்றா.”

தங்கை கத்தினாள். உடம்பு முழுவதும் முறுக்கிக்கொண்டது. இடது கை போய் மேசைமேல் இருந்த தண்ணீர்ப் பாத்திரத்தைத் தட்டிவிட்டது. தலை நாற்காலிக் கம்பியில் மோதியது. அக்கா ஓடிவந்து அவளைத் தோளோடு அணைத்துக்கொண்டாள்.

“பாத்தீங்களா? பிரியறதுன்னு பேச்சு எடுத்தாலே இப்படித்தான். இதுக்குத்தான் நான் இங்க கூட்டிட்டு வரவே யோசிச்சேன்.”

செயலாளருக்குக் கண் கலங்கிவிட்டது. விருப்பமில்லை என்று பதிவேட்டில் எழுதினார். அக்கா தங்கையின் வாயோரத்தைத் துடைத்துவிட்டு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள்.

மறுநாள் மதியம் குளிப்பாட்டும்போது தங்கை கேட்டாள், ஏன் அப்படிச் சொன்னாய் என்று. அக்கா அவள் தலையில் சோப்பு தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“நீ போயிட்டா நான் யாரு?” என்றாள். “சொல்லு. என்னை யாருக்குத் தெரியும்? பல் டாக்டர்கிட்ட டோக்கன் குடுத்தவ. அதுவும் பதிமூணு வருஷத்துக்கு முன்னாடி. உனக்காக எல்லாத்தையும் விட்டேன். இப்பதான் நாலு பேரு என்னைப் பாத்து எந்திரிச்சு நிக்கறாங்க. அது உனக்குப் பொறுக்கல.”

நான் எல்லோரிடமும் சொல்லுவேன் என்றாள் தங்கை.

அக்காவின் கை நின்றது. “யாரு வாயால சொல்லுவ?”

அக்கா சோப்பைக் கீழே வைத்தாள்.

“நான் சொல்றதுதான் உன் பேச்சு. அதுக்கு மேல வேணும்னா கத்து. நல்லாக் கத்து.”

அக்கா எழுந்து போய்விட்டாள். கதவைச் சாத்தவில்லை; அதற்குத் தேவையும் இல்லை. தங்கை குளியல் நாற்காலியில் பட்டையால் கட்டப்பட்டு உட்கார்ந்திருந்தாள். சோப்பு கண்ணில் இறங்கியது. துடைக்கக் கை வராது. தண்ணீர் உடம்பிலேயே ஆறிக் குளிரெடுத்தது. சமையலறையில் அக்கா பாத்திரம் தேய்க்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்த லிஃப்ட் மெக்கானிக் கூடத்தைத் தாண்டிப் போகும்போது குளியலறைக்குள் ஒரு முறை பார்த்தார். “மாமா” என்றாள் தங்கை. அது அவருக்குப் புரியும், பதிமூன்று வருடமாகக் கேட்கிற வார்த்தை. அவர் தலையைக் குனிந்துகொண்டு போய் கை கழுவினார்.

அரைமணி நேரம் கழித்து அக்கா வந்தாள். கண்களை வெதுவெதுப்பான தண்ணீரால் கழுவினாள். துண்டால் ஒற்றி ஒற்றித் துடைத்தாள். தலையை உலர்த்திப் பின்னினாள். தங்கையைவிட அதிகமாக அழுதவள் அவள்தான்.

சங்கத்தில் ஒரு தச்சர் இருந்தார். பிறவியிலேயே காது கேட்காது. ஊன்றுகோல்களுக்குக் கட்டை மாற்றுவது, சாய்வுப் பலகை அடிப்பது எல்லாம் அவர் வேலை. குளியல் நாற்காலியின் கால் ஆடுகிறது என்று அக்காதான் அவரை வரச் சொன்னாள். அவர் வேலை செய்துகொண்டிருந்தபோது அக்காவுக்கு போன் வந்தது. ஏதோ ஒரு கல்லூரி. அவள் பேசிக்கொண்டே மாடிப்படிக்குப் போனாள்.

தங்கை தச்சரைப் பார்த்தாள். பிறகு பீரோவின் மேல் பார்த்தாள். திரும்பத் திரும்ப அப்படியே பார்த்தாள்.

மற்றவர்கள் அவள் சத்தத்தைக் கேட்டுவிட்டு முகத்தைப் பார்ப்பதை நிறுத்திவிடுவார்கள். தச்சருக்குச் சத்தம் என்று ஒன்று இல்லை. ஆகவே அவர் முகத்தை மட்டும் பார்த்தார். எழுந்துபோய்ப் போர்வையைப் பிரித்தார். அட்டையைக் கண்டதும் அவருக்கு விஷயம் விளங்கிவிட்டது. விரலை முதல் எழுத்தில் வைத்தார்.

அ. பிறகு ற், ஐ. ஒவ்வோர் எழுத்தாக வந்தது. ‘அறை வேணும்.’ தச்சர் தலையசைத்தார். அவள் கண்ணை இன்னும் எடுக்கவில்லை. அவர் மறுபடி விரலை ஓட்டினார். அடுத்த வாக்கியத்துக்கு வெகுநேரம் பிடித்தது. எழுத்து கிடைக்காததால் இல்லை. அவள் இரண்டு முறை சரியான எழுத்தில் கண்ணை மூடாமல் விட்டுவிட்டாள். கடைசியில் வந்துவிட்டது. ‘அக்கா சொன்னது பொய்.’

படியில் செருப்புச் சத்தம் கேட்டதும் தங்கை வாசலைப் பார்த்தாள். அவள் பார்வையைப் பார்த்துவிட்டுத் தச்சர் அட்டையைப் போர்வையில் சுற்றி மேலே வைத்தார். வைப்பதற்குமுன் எழுத்துகளின் வரிசையை மனதில் வாங்கிக்கொண்டார். அன்று வேலை முடிந்ததும் ஒரு பிளைவுட் பலகையை இழைத்து, சூட்டுக்கோலால் எழுத்துகளைச் சுட்டு அதேபோல ஒன்று செய்தார்.

சனிக்கிழமை சங்கத்துக்கு சைகை டீச்சர் வருவார். காது கேளாதோர் பள்ளியில் வேலை பார்க்கிற இளம்பெண். அவர் மூலமாகத் தச்சர் செயலாளரிடம் விஷயத்தைச் சொன்னார். செயலாளர் பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“விரலு உங்களோடது. அவ கண்ணச் சிமிட்டினது அந்த எழுத்துக்குத்தான்னு எப்படிச் சொல்றது? எல்லாரும்தான் கண்ண சிமிட்டறோம்.”

கூப்பிட்டு உட்காரவைத்துச் சோதித்துப் பாருங்கள் என்றார் தச்சர்.

“இன்னும் ஒம்பது நாள்ல திறப்பு விழா. அமைச்சர் வர்றாரு. மேடையில பேசப்போறது அந்த அக்காதான். இப்பப் போயி அவங்ககிட்ட, உங்க தங்கச்சிய உங்களுக்குத் தெரியாம சோதிக்கப் போறோம்னு சொல்ல முடியுமா? விழா முடியட்டும்.”

தலைவர் பக்கத்து மேசையில்தான் இருந்தார்.

விழா காலை பத்து மணிக்கு. விடுதியின் முற்றத்தில் பந்தல் போட்டு நாற்காலி போட்டிருந்தார்கள். ஐந்து பேர் தங்கள் அறைகளுக்குள் பெட்டி படுக்கையோடு காத்திருந்தார்கள். அமைச்சர் வந்து நாடாவை வெட்டினார். மேடையில் நடுவில் அமைச்சர், அவருக்கு இடப்பக்கம் தலைவர், தலைவரை ஒட்டியே தங்கையின் சக்கர நாற்காலி. தலைவரின் காதுக்கும் தங்கையின் வாய்க்கும் ஒரு முழம்கூட இடைவெளி இருக்காது. அக்கா பின்னால் மைக்கோடு நின்றாள். புதுச் சேலை.

வழியிலேயே தங்கை ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். அவள் பேசினால் அதை அக்கா எதுவாகவும் ஆக்கிவிடுவாள். கத்தினால் பாசம் என்பாள். அழுதால் ஆனந்தக் கண்ணீர் என்பாள். பேசாவிட்டால்? ஒன்றுமே வராவிட்டால் அக்காவால் எதை மாற்ற முடியும்? முந்நூறு பேர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். வாய் அசையாததை முந்நூறு பேருமா பார்க்காமல் இருந்துவிடுவார்கள்?

“இந்த நல்ல நாள்ல நீ என்ன நினைக்கிற, சொல்லும்மா,” என்று அக்கா மைக்கில் குனிந்து கேட்டாள்.

தங்கை பல்லைக் கடித்துக்கொண்டாள். வாயைத் தானாகத் திறக்கவிடாமல் பிடித்து வைப்பதே அவளுக்குப் பெரிய வேலை, தாடை வலித்தது. பத்து எண்ணும் நேரம் போயிற்று. பந்தலில் ஒரு சத்தமும் இல்லை. அக்காவின் மூச்சு மைக்கில் கேட்டது.

“இவ என்ன சொல்றான்னா,” என்றாள் அக்கா.

பிறகு நாலரை நிமிடம் பேசினாள். இந்த ஆறு அறைகள் ஆறு விளக்குகள் என்றாள். எனக்கு வேண்டாம் என்று நான் விட்டுக்கொடுத்த அறையில் இன்னொரு ஜீவன் நிம்மதியாகத் தூங்கட்டும் என்றாள். எல்லாப் பெண்களுக்கும் இப்படி ஓர் அக்கா அமையட்டும் என்றாள். நடுநடுவே குனிந்து தங்கையின் வாயருகே காதை வைத்துக் கேட்பதுபோலக் கேட்டு, தலையாட்டி, மறுபடி நிமிர்ந்து தொடர்ந்தாள். தங்கையின் உதடுகள் கோடுபோல மூடியிருந்தன.

முந்நூறு பேரும் அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பேசுகிறவரைத்தானே பார்ப்பார்கள்.

ஒரு மனிதர் மட்டும் தங்கையின் வாயைப் பார்த்தார். தச்சர் ஐந்தாவது வரிசையில் எழுந்து நின்றார். சைகை டீச்சர் தூரத்தில் மேடையோரம் நின்றதால், தச்சருக்குத் தன் குரல்தான் இருந்தது. பழக்கப்படாத, உருவமில்லாத குரல். முழுத் தொண்டையையும் திறந்து ஏதோ சொன்னார், தன் வாயைத் தொட்டுக் காட்டி, இல்லை இல்லை என்று கையை ஆட்டினார். தொண்டர்கள் இரண்டு பேர் ஓடிவந்தார்கள். “பாவம், உணர்ச்சிவசப்பட்டுட்டாரு” என்று சொல்லிக்கொண்டே அவரை இரு பக்கமும் பிடித்து வெளிவாசலில் கொண்டுபோய் விட்டார்கள்.

அக்கா முடித்தாள். முதலில் கைதட்டியவர் தலைவர்.

விழா முடிந்ததும் நிருபர்கள் அக்காவைச் சூழ்ந்துகொண்டார்கள். அவள் தங்கையை வராந்தாவில் நிழல் பார்த்து நிறுத்திவிட்டுப் பேட்டி கொடுக்கப் போனாள். தச்சர் சமையற்கட்டுப் பக்கமாக உள்ளே வந்தார். சைகை டீச்சரையும் கையோடு இழுத்துக்கொண்டு, தங்கையின் நாற்காலியைத் தள்ளி, பின்பக்கம் தலைவர் டீ குடித்துக்கொண்டிருந்த அறைக்குள் கொண்டுபோனார்.

“இந்தச் சக்கரம் யாருதுன்னு எனக்குத் தெரியும்,” என்றார் தலைவர். “உக்காருங்க.”

தச்சர் பிளைவுட் பலகையைத் தங்கையின் முன்னால் பிடித்தார். அவள் கண்ணால் எழுத்தைப் பிடித்தாள். தச்சர் அதைச் சைகையாக்கினார். டீச்சர் வாய்விட்டுச் சொன்னார். தலைவருக்குப் பலகை தெரியாது, தச்சருக்குத் தலைவர் பேசுவது கேட்காது. ஒரு கேள்வி இந்த இரண்டு பேரைத் தாண்டித் தலைவரிடம் போய்ச் சேரப் பதினைந்து நிமிடமானது.

“‘நான் பேசல. உங்களுக்குக் கேட்டுச்சுல்ல?’ன்னு கேக்கறாங்க,” என்றார் டீச்சர்.

தலைவர் டம்ளரைத் துளிச் சத்தமில்லாமல் கீழே வைத்தார்.

“கேட்டுச்சும்மா. நீ மூச்சு விட்டது கேட்டுச்சு. பல்லக் கடிச்சது கேட்டுச்சு. வேற ஒண்ணும் கேக்கல.”

டீச்சர் சைகை செய்யக் கையைத் தூக்கி, அப்படியே நிறுத்திவிட்டார். தச்சர் அவர் முழங்கையைத் தட்டினார், சொல் என்று.

“அன்னிக்குக் கூட்டத்துலயும் எனக்குச் சந்தேகந்தான்,” என்றார் தலைவர். “வேணாங்கறவ அப்படிக் கத்த மாட்டா. ஆனா பாரும்மா, இருபது வருஷம். நான் மேடையில எந்திரிச்சு இந்தப் பொண்ணு வாயே திறக்கலன்னு சொல்லியிருந்தா நாளைக்கு என்ன எழுதுவான்? இவங்களுக்குள்ளயே ஏமாத்து வேலைன்னு எழுதுவான். அஞ்சு பேரு உள்ள போயிருக்காங்க. அவங்களுக்கு நாதி கிடையாது. உனக்கு வேளாவேளைக்குச் சாப்பாடு குடுக்க ஒருத்தி இருக்கா. நான் பேசினா கூட்டம் கொட்டாவி விடுது. உங்க அக்கா பேசினா அழுவுது. அடுத்து இன்னும் நாலு இடத்துல நான் இல்லம் கேக்கணும். எனக்கு அந்தக் குரலு வேணும்.”

தங்கை அவரையே பார்த்தாள். பிறகு பலகையைப் பார்த்தாள். தச்சரின் விரல் ஓடத் தொடங்கியது. எ. ன். கொஞ்சம் இடைவெளி. க், உ. 

செயலாளர் இரும்புப் பட்டை சத்தமிட வாசலுக்கு வந்தார். “சார், போட்டோவுக்குக் கூப்பிடறாங்க. அமைச்சர் கிளம்பறாரு.”

தலைவர் எழுந்து கைத்தடியை எடுத்தார்.

“இன்னும் முடிக்கல சார்,” என்றார் டீச்சர்.

“அப்புறம் பேசலாம்மா,” என்றார் தலைவர், தங்கையின் தோளை மிகச் சரியாகத் தொட்டு. தச்சரின் விரல் ‘ர’ வரிசையில் நின்றது.

அப்புறம் பேசவில்லை. விழாவில் கலாட்டா செய்ததாகத் தச்சரை ஆறு மாதத்துக்கு விலக்கி வைத்தார்கள். ஒருநாள் அவர் பலகையோடு வீட்டுக்கு வந்தார். அக்கா பாதிக் கதவைத் திறந்து, அவருக்குப் புரியும்படி உதட்டைப் பெரிதாக அசைத்து, “நீங்க வர்றது இவளுக்குப் பிடிக்கல” என்றாள். தச்சர் அவள் தோளுக்கு மேலாகத் தங்கையின் முகத்தைப் பார்க்க எட்டினார். கதவு சாத்திக்கொண்டது. சைகை டீச்சர் செயலாளரிடம் இரண்டு முறை பேசிப் பார்த்தார். மூன்றாம் முறை பேச வந்தபோது, சனிக்கிழமைகளில் இனி வேறு டீச்சர் வருகிறார் என்றார்கள்.

ஆறாவது அறைக்கு ஆள் வரவில்லை. அதைச் சங்கம் ‘குடும்ப ஆலோசனை அறை’ ஆக்கியது. ஆலோசகராக அக்காவை வைத்தார்கள். அவளுக்கு ஒரு மேசை, ஒரு சுழல் நாற்காலி, சுவரில் மேடைப் படம். காலை பத்து மணிக்கு அவள் தங்கையைத் தள்ளிக்கொண்டு வருவாள், ஜன்னலோரம் நிறுத்துவாள், ஐந்து மணிக்குத் திரும்பத் தள்ளிக்கொண்டு போவாள். பக்கத்து அறைகளில் கதவுகள் திறக்கிற சத்தம் கேட்கும். இப்போது குளிக்கிறேன், அப்புறம் குளிக்கிறேன், இன்று குளிக்கவே போவதில்லை என்று அவர்கள் ஆட்களிடம் சண்டை போடுவது கேட்கும். மாலையில் அக்கா பூட்டைப் பூட்டி இழுத்துப் பார்ப்பாள்.

விழாவுக்குப் பிறகு தங்கை யாரிடமும் வாய் திறக்கவில்லை. வீட்டில் சாப்பாட்டுக்குக்கூட இல்லை. அக்காவுக்கு முதல் வாரம் பயமாக இருந்தது, கெஞ்சினாள், திட்டினாள். பிறகு பழகிவிட்டது. கரண்டியை நீட்டி, “போதும்ங்கறியா? சரி, போதும்” என்று அவளே எடுத்து வைத்துவிடுவாள். மாதத்துக்கு இரண்டு மேடை. கூட்டங்களில் பேச்சு முன்பைவிட நன்றாக வந்தது, நடுவில் நிறுத்திக் கேட்க வேண்டிய தொந்தரவு இல்லாததால்.

பதினோரு மாதம் கழித்து ஒரு தாய் அந்த அறைக்கு வந்தாள். தையல் வேலை செய்கிறவள். சட்டைக் கையில் நூல் ஒட்டியிருந்தது. சக்கர நாற்காலியில் இருபது வயது மகள். அவளுக்கும் அதே கழுத்து, அதே கை. மகள் ஏதோ சொன்னாள். அதே நீண்ட முனகல்.

“இவ பேசறது எனக்கே பாதிதாங்க புரியும்,” என்றாள் தாய். “எழுத்து அட்டைன்னு ஏதோ இருக்காமே. அத வாங்கலாமான்னு கேக்க வந்தேன்.”

“அதெல்லாம் எதுக்குங்க,” என்றாள் அக்கா. “ஒரு வார்த்தைக்கு அரைமணி நேரம். அது மெஷினுகிட்டப் பேசற மாதிரி. பெத்தவ நீங்க. முகத்தப் பாத்தாலே தெரிஞ்சிடும். தெரியலன்னாலும் தெரிஞ்ச மாதிரி சொல்லுங்க, அவங்களுக்கு அதுலயே ஒரு நிம்மதி. நாளாக ஆக நீங்க சொல்றதுதான் அவ சொல்றதுன்னு ஆயிடும். எங்களப் பாருங்க.”

தாய் ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். மகளும் பார்த்தாள்.

தங்கையின் தாடை நடுங்கியது. பதினோரு மாதமாகப் பூட்டிக் கிடந்த தொண்டை முதலில் காற்றை மட்டும் விட்டது. அவள் மறுபடி முயன்றாள். கழுத்து பின்னால் இழுத்தது, கை ஜன்னல் கம்பியில் அடித்தது. நம்பாதே, அட்டை வாங்கு என்றாள். இரண்டு தடவை சொன்னாள். மெய்யெழுத்துகள் எல்லாம் உள்ளேயே நின்றுவிட, ஒரு சத்தம் மட்டும் அறையில் எழுந்து அடங்கியது.

தாய் பயந்து அக்காவைப் பார்த்தாள்.

அக்கா அந்தக் குரலைக் கேட்டு ஒரு கணம் ஆடிப்போயிருந்தாள். அவளுக்கு ஒவ்வோர் எழுத்தும் விளங்கியது. கைக்குட்டையை எடுத்துக்கொண்டு போய்த் தங்கையின் வாயோரத்தைத் துடைத்தாள். நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டாள்.

“இவ என்ன சொல்றான்னா,” என்றாள், “நின்னுக்கிட்டே இருக்கீங்களே, உக்காருங்கன்னு சொல்றா.”

தாய் உட்கார்ந்தாள்.